ஐபேடை மாற்றலாமா: மெய்ப்பு பார்க்கும் ஒருவரின் ஆறு மாதக் கணக்கு

பின்னணி

நான் சென்னையில் சிறு பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். நான் கோக்கும் புத்தகங்களில் பாதிக்கு மேல் மெய்ப்பு பார்ப்பவர், அதாவது அச்சுக்குப் போகும் முன் புரூஃபில் பிழை திருத்துபவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர். வயது 63, தாம்பரம் பக்கம் வீடு. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் போடாமல் எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்.

2020 வரை டீச்சர் அச்செடுத்த தாளில்தான் புரூஃப் பார்த்தார். ஊரடங்கில் தாளை யார் கொண்டுபோய்க் கொடுப்பது, யார் திரும்ப வாங்கி வருவது என்று வேலை நின்றபோது, அவர் மகன் தன்னிடம் இருந்த ஐபேடைக் கொடுத்துவிட்டுப் போனார். 2018-ல் 28,000 ரூபாய்க்கு வாங்கிய ஆறாம் தலைமுறை ஐபேட், 32 ஜிபி. கூடவே முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில் ஒன்றையும் வாங்கித் தந்தார். பிடிஎஃப் மேலேயே பென்சிலால் திருத்தம் எழுதி டீச்சர் அனுப்புவார், நான் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்வேன். ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் ஓடியது.

அவருக்குக் கிடைப்பது பக்கத்துக்கு 15 ரூபாய். ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 பக்கம் பார்க்கிறார். ஜனவரி புத்தகக் காட்சிக்கு முந்தைய மூன்று மாதங்களில்தான் அதில் பெரும் பகுதி வரும்.

கேள்வி வந்த விதம்

2025 அக்டோபர் தொடக்கத்தில் போன் செய்தார். "தம்பி, இந்த ஐபேட் இனி ஒப்பேறாது போல இருக்கு. பையன் வாங்கித் தரேன்கிறான். எனக்கு என் காசுல வாங்கணும். எதை வாங்கட்டும், சொல்லு."

சொன்ன குறைகள் மூன்று. கண் வலிக்கிறது. அகராதிக்குப் போய்விட்டுத் திரும்பினால் புரூஃப் மறுபடி முதல் பக்கத்திலிருந்து திறக்கிறது. சார்ஜ் 40 சதவீதம் காட்டும்போதே சட்டென்று அணைந்துவிடுகிறது.

யோசிக்காமல் பதில் சொன்னேன்: ஏ16 சிப் உள்ள ஐபேட், 2025 மார்ச்சில் வந்தது, 128 ஜிபி, 34,900 ரூபாய், அதை வாங்குங்கள். போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. 34,900-ஐ 15-ஆல் வகுத்துப் பார்த்தேன். 2,327 பக்கம். டீச்சரின் ஓராண்டு உழைப்பில் ஏறக்குறைய பாதி. ஒரு நிமிடம்கூட அவர் வேலை செய்வதைப் பார்க்காமல் நான் சொன்ன யோசனையின் விலை அது. மறுபடி கூப்பிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அதற்கு முன் எதையும் ஆர்டர் போட வேண்டாம் என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

டீச்சர் ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறார். வெள்ளெழுத்துக் கண்ணாடி, பக்கத்தில் தண்ணீர் செம்பு, மடித்த துண்டின் மேல் சாய்த்து வைத்த ஐபேட். ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், வழக்கம்போலப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்.

ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதில் படிப்பது போக மற்றது என்னவென்று குறித்துக்கொண்டே வந்தேன். ஐபேட் தானாகத் திணறி நின்றது நான்கு முறை, எல்லாம் சேர்ந்தே மூன்று நிமிடம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் இரண்டு விரலால் பக்கத்தைப் பெரிதாக்கி, மேல் பாதியைப் படித்து, இழுத்து, கீழ்ப் பாதியைப் படித்து, திருத்தம் எழுத ஓரத்துக்கு நகர்த்தி, மறுபடி சுருக்கி அடுத்த பக்கம் போனார். வரி விட்டுப் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால் மேலே போய்த் திரும்ப ஆரம்பிப்பார். நேரம் கரைந்தது அங்கேதான், கண் வலியும் அங்கேதான்.

பெரிதாக்காமல் படிக்க முடியாதா என்று கேட்டேன். ஒரு வரியைக் காட்டினார். "இது 'கௌரவம்'னு சரியா இருக்கா, இல்ல 'ள' போட்டு 'கெளரவம்'னு இருக்கா, நீயே பார்த்துச் சொல்லு." எனக்கு அவரைவிட இருபது வயது குறைவு. எனக்கும் தெரியவில்லை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இந்தப் பிழை நிறைய வரும். 'ா' இருக்க வேண்டிய இடத்தில் 'ர' வரும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். இவற்றைப் பிடிக்கத்தான் டீச்சரிடம் கொடுக்கிறோம். அந்தப் புள்ளியே கண்ணுக்குத் தெரியாத அளவில் கொடுத்துவிட்டு, பிழை தப்பியது என்று அவரிடம் கேட்க நமக்கு முகம் ஏது?

பேட்டரியும் இடமும்

மற்ற இரண்டு குறைகளையும் அன்றைக்கே பார்த்தோம். 32 ஜிபியில் 700 எம்பிதான் மிச்சம். 2020 முதல் வந்த புரூஃப் ஒவ்வொன்றும் இரண்டு பிரதியாக இருந்தது, கோப்புறையில் ஒன்று, செயலிக்குள் இன்னொன்று. மகன் கல்லூரிக் காலத்தில் எடுத்த வீடியோக்களும் கிடந்தன. எல்லாவற்றையும் என் மடிக்கணினிக்கு மாற்றி, பென்டிரைவில் போட்டு அவரிடமே கொடுத்தேன். 15 ஜிபி காலியானது. திணறல் குறைந்தது. ஆனால் அகராதிக்குப் போய்வந்தால் புரூஃப் முதலிலிருந்து திறப்பது மாறவில்லை. ஐபேடில் இருப்பது 2 ஜிபி நினைவகம் (ரேம்), இரண்டு செயலிகளை ஒரே நேரத்தில் தாங்கிப் பிடிக்க அதற்கு இடமில்லை. இதற்கு ஒரே வழி வேறு கருவிதான். அகராதியை போனில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

பேட்டரியின் நிலையை இந்த மாடலில் அமைப்புகளுக்குள் பார்க்க முடியாது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் கணினியோடு இணைத்துப் பார்த்தார்கள். 1,100 சார்ஜ் சுற்றுக்கு மேல் ஓடியிருந்தது. 1,000 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி ஐபேட் பேட்டரிகள் செய்யப்பட்டிருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி இது தன் காலத்தை ஒழுங்காக முடித்திருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மாற்ற 3,800 ரூபாய் கேட்டார்கள். கண்ணாடியைச் சூடு காட்டிப் பிரிக்க வேண்டும், விரிசல் விட்டால் எங்கள் பொறுப்பில்லை என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள்.

என் பக்கத்துத் தவறு

வீட்டுக்கு வந்து நான் அனுப்பும் கோப்பைத் திறந்து அளந்தேன். புத்தகம் டெம்மி அளவு, 5.5-க்கு 8.5 அங்குலம். நான் அனுப்பும் பிடிஎஃப் ஏ4 தாள், நடுவில் டெம்மி பக்கம், சுற்றிலும் தாளை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வெட்டுக்குறிகள். தாளில் புரூஃப் எடுத்த காலத்தில் இது சரியான ஏற்பாடு. எழுத்து அசல் அளவில் இருக்கும், சுற்றியுள்ள வெற்றிடத்தில் திருத்தம் எழுதலாம். தாள் போய் ஐபேட் வந்த பிறகும் நான் அதே அமைப்பில் ஐந்து ஆண்டுகளாக அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

9.7 அங்குலத் திரையை நிமிர்த்தி வைத்தால் அகலம் 5.8 அங்குலம், உயரம் 7.75 அங்குலம். 11.7 அங்குல உயரமுள்ள ஏ4 தாள் அதில் அடங்க வேண்டுமானால் 66 சதவீதமாகச் சுருங்கும். நான் 11 புள்ளியில் (பாயின்ட், எழுத்தின் அளவு) கோத்த எழுத்து டீச்சர் கண்ணுக்கு ஏழேகால் புள்ளியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெட்டுக்குறிகளை நீக்கி டெம்மி பக்கத்தை மட்டும் அனுப்பினால் 91 சதவீதம், எழுத்து 10 புள்ளி.

திருத்தம் எழுத ஓரம் வேண்டுமே என்றால், அதற்கும் இடம் இருந்தது. டெம்மி பக்கம் ஒடுக்கமானது, ஐபேட் திரை அகலமானது. உயரத்தைத் திரைக்குச் சரியாகப் பொருத்தினால் பக்கவாட்டில் இடம் சும்மா கிடக்கும். பக்கத்தின் அகலத்தை 5.5-லிருந்து 6.3 அங்குலமாக்கினாலும் எழுத்து துளிகூடச் சுருங்காது, 0.8 அங்குல வெற்று ஓரம் கிடைக்கும்.

முதலில் அனுப்பிய மாதிரியில் புத்தக வழக்கப்படி வெளி ஓரத்தில் இடம் விட்டேன். வலப்பக்கங்களில் வலமாக, இடப்பக்கங்களில் இடமாக. டீச்சர் உடனே திருப்பி அனுப்பினார். இடது ஓரத்தில் எழுதினால் கை பக்கத்தின் மேல் படிந்து வரியை மறைக்கிறதாம். எல்லாப் பக்கத்திலும் வலது ஓரமாக மாற்றினேன். அது நிலைத்தது.

புது வெட்டில் அனுப்பிய அடுத்த ஃபாரம் 1 மணி 25 நிமிடத்தில் முடிந்தது. ஒரு தடவைகூடப் பெரிதாக்கவில்லை என்று சொல்ல முடியாது, சந்தேகம் வந்த இடங்களில் மட்டும் பெரிதாக்கினார்.

இரவல் ஐபேட்

அதற்காகப் புது ஐபேட் வேண்டாம் என்று ஆகிவிடுமா? அதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். தீபாவளிக்கு டீச்சரின் அண்ணன் மகள் வந்திருந்தார். கட்டடக்கலை படிக்கிறார், கையில் அதே ஏ16 ஐபேட். "எடுத்துக்கோங்க அத்தை, மூணு நாள் எனக்கு வேலையில்லை" என்று கொடுத்துவிட்டார். நல்ல வாய்ப்பு. கடையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடம் தடவிப் பார்த்து இது தெரியாது.

அதன் திரை நிமிர்த்தினால் 6.2-க்கு 8.9 அங்குலம். ஏ4 கோப்பைப் போட்டால் 75 சதவீதம், எழுத்து எட்டேகால் புள்ளி. புது வெட்டுக் கோப்பைப் போட்டால் 98 சதவீதம். இந்த நான்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி டீச்சர் முன்னால் வைத்தேன்: பழைய ஐபேடில் 66, 91, புதியதில் 75, 98. நான் முதல் நாள் சொன்னதைக் கேட்டு அவர் 34,900 கொடுத்து வாங்கியிருந்து, நானும் பழைய கோப்பையே அனுப்பிக்கொண்டிருந்தால், 66 வெறும் 75 ஆகியிருக்கும். காசு செலவில்லாமல் 91 கிடைக்கிறது.

புதியதில் பார்த்த ஃபாரம் 1 மணி 20 நிமிடம் ஆனது. பழையதைவிட ஐந்து நிமிடம் குறைவு. வேறு வேறு உரை, ஒவ்வொரு ஃபாரம்தான், ஆகவே இந்த ஐந்து நிமிடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அகராதிக்குப் போய்வந்தபோது புரூஃப் விட்ட இடத்திலேயே நின்றது. டீச்சர் முகத்தில் தெரிந்த நிம்மதி உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று மாறவில்லை. பென்சில் நுனி படும் இடத்துக்கும் கோடு விழும் இடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய விலகல் இருக்கிறது என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். "படித்து கொண்டு" என்பதில் 'க்' போடக் குறியிட்டால் அரை எழுத்து தள்ளி நிற்கும். பழைய ஐபேடில் மேல் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்றிடைவெளி உண்டு, அதனால் வருவது இது. ஏ16 ஐபேடிலும் அதே அமைப்புதான். இடைவெளி இல்லாமல் ஒட்டிய திரை வேண்டுமென்றால் ஐபேட் ஏர் வாங்க வேண்டும், அப்போது 59,900 ரூபாய். டீச்சரின் பென்சில் அந்த ஏரில் வேலை செய்யாது. குறைந்தது அன்றைய விலையில் 7,900 ரூபாய்க்கு யூஎஸ்பி-சி பென்சில் வாங்க வேண்டும். மொத்தம் 67,800. பக்கக் கணக்கில் 4,520, அதாவது ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. அரை எழுத்து விலகலுக்கு அது தகாது. ஏ16 ஐபேடில் பழைய பென்சிலே போதும், சார்ஜ் போடவும் இணைக்கவும் ஒரு சிறு அடாப்டர் மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

பேனாவோடு வரும் சாம்சங் டேப்பையும் யோசித்தோம். டேப் எஸ்6 லைட் 10.4 அங்குலம், நீளவாக்கான திரை, டெம்மி பக்கம் அதில் 97 சதவீதம் வரும். ஆனால் அகலத்தில் சும்மா கிடக்கும் இடம் இல்லை, ஓரம் விட்டால் எழுத்து 85 சதவீதத்துக்கு இறங்கிவிடும். செயலியும் மாற வேண்டும். நீண்ட நேரம் அதில் செலவிடவில்லை.

எடுத்த முடிவு

அக்டோபர் கடைசியில் முடிவு செய்தோம். இந்தப் பருவத்துக்குப் புதியது வாங்குவதில்லை. பேட்டரியை மட்டும் மாற்றுவது.

எட்டு வயதை நெருங்கும் கருவியில் 3,800 ரூபாய் போடலாமா என்று மகனுக்குத் தயக்கம். அது நியாயமான தயக்கம். ஆறாம் தலைமுறை ஐபேட், ஐபேட்ஓஎஸ் என்ற இயங்குதளத்தின் 17-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2024-ல் வந்த 18 இதற்குக் கிடையாது. செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். நான் சொன்ன காரணம் வேறு: அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டீச்சரின் ஆண்டு வருமானத்தின் பெரும் பகுதி வருகிறது, அந்த மூன்று மாதம் கருவி நடுவில் அணையாமல் ஓடினாலே 3,800 திரும்பிவிடும். அதற்குமேல் ஓடினால் லாபம். இன்னொன்று, புதுக் கருவிக்குக் கை பழக வேண்டிய நாட்கள் வேலை நெருக்கடியில் வரக் கூடாது.

பாதுகாப்புக்காக வங்கிச் செயலியை ஐபேடிலிருந்து நீக்கி போனில் மட்டும் வைத்துக்கொண்டார். இயங்குதளம் அடுத்த பதிப்புக்குப் போகாத கருவியில் பணம் சம்பந்தப்பட்டது எதுவும் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

எப்போது வாங்குவது என்பதையும் அப்போதே எழுதி வைத்தோம். புரூஃப் பார்க்கும் செயலி திறக்க மறுத்தால், திரையில் கோளாறு வந்தால், அல்லது வேலை கெட்டுப்போகும் அளவுக்கு இரண்டாவது முறை ஏதாவது நடந்தால். அதுவரை பார்க்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 ரூபாய் தனியாக எடுத்து வைப்பது என்றும் டீச்சர் தானாகவே முடிவு செய்தார்.

டிசம்பரில் நடந்தது

பேட்டரி நவம்பர் முதல் வாரத்தில் மாறியது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் ஒரு மூலையில் ஒட்டு சரியாகப் பிடிக்காமல் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது, மறுபடி கொடுத்து ஒட்டி வாங்க இன்னொரு நாள் போனது. பிறகு நாள் முழுக்கச் சார்ஜ் நின்றது.

டிசம்பர் நடுவில் ஒரு பயண நூல் வந்தது. 384 பக்கம், படங்கள் நிறைய, கோப்பு 400 எம்பிக்கு மேல். நான் முழுப் புத்தகத்தையும் ஒரே கோப்பாக அனுப்பினேன். இரண்டாம் நாள் மாலை ஒரு ஃபாரம் முழுக்கத் திருத்தி முடித்துச் சேமிக்கும் நேரத்தில் செயலி மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தால் பதினாறு பக்கத் திருத்தமும் இல்லை. டீச்சர் போனில் கோபப்படவில்லை. "எல்லாம் போச்சு தம்பி" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டபோது, வாங்கவிடாமல் தடுத்தது தவறோ என்று உண்மையிலேயே கலங்கினேன். புது ஐபேடின் நினைவகம் இந்தக் கோப்பைத் தாங்கியிருக்கும்.

அன்றிரவே புத்தகத்தை 24 ஃபாரமாகப் பிரித்து, படங்களின் தரத்தைப் புரூஃபுக்குப் போதுமான அளவுக்குக் குறைத்து, 24 சிறு கோப்புகளாக அனுப்பினேன். ஒவ்வொன்றும் 6 எம்பிக்குள். காலையில் விட்ட ஃபாரத்தை மறுபடி பார்த்தார். அதற்கான 240 ரூபாயை என் கணக்கில் சேர்த்தேன், அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு செயலி ஒரு தடவையும் மூடிக்கொள்ளவில்லை. புத்தகக் காட்சிக்குப் போக வேண்டிய ஏழு புத்தகமும் போய்ச் சேர்ந்தன.

பருவம் முடிந்த பிறகு

மார்ச் கடைசி வரை டீச்சர் 3,200 பக்கத்துக்கு மேல் பார்த்திருக்கிறார். எடுத்து வைத்த தொகை 9,600 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஐபேட் ஓடிக்கொண்டிருக்கிறது. புரூஃப் செயலியின் அடுத்த பெரிய பதிப்பு ஐபேட்ஓஎஸ் 18 கேட்கிறது, இருக்கும் பதிப்பு இப்போதைக்குத் திறக்கிறது. இந்த அக்டோபருக்கு முன், வேலை குறைவான ஆகஸ்டில், அப்போது விற்பனையில் இருக்கும் அடிப்படை ஐபேடை வாங்கி ஒரு மாதம் பழகிக்கொள்வது என்று தேதி குறித்திருக்கிறோம். மீதிப் பணத்தை அண்ணன் மகளிடம் கைமாற்று வாங்குவாரா, மகனிடம் வாங்குவாரா என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் போனிலேயே மாடல் பெயர் சொன்னது தவறு. வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும். 2020-ல் ஐபேட் வந்த வாரமே டீச்சர் திரையில் என் பக்கம் எப்படித் தெரிகிறது என்று ஒரு புகைப்படம் கேட்டிருக்கலாம், கேட்கவே இல்லை. ஐந்து ஆண்டு ஏழேகால் புள்ளியில் அவரைப் படிக்க வைத்திருக்கிறேன், அந்தக் கண்ணுக்கு நான் ஈடு சொல்ல முடியாது.

கோப்பை ஃபாரம் ஃபாரமாகப் பிரிப்பதை டிசம்பர் வரை தள்ளிப்போட்டதும் என் தவறுதான். 2 ஜிபி நினைவகம் என்று அக்டோபரிலேயே தெரியும்.

இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. அந்த மூன்று நாளில் அண்ணன் மகள் தன் வரைபடம் ஒன்றைப் பழைய ஐபேடில் திறந்து பார்த்தார், பாதி வரைவதற்குள் நின்றுவிட்டது. அவருக்குப் புதியது தேவை. டீச்சருக்கு அக்டோபரில் தேவைப்பட்டது சரியாக வெட்டிய ஒரு பிடிஎஃப். இப்போது மற்ற இரண்டு மெய்ப்புப் பார்வையாளர்களுக்கும் என்ன கருவி, எத்தனை அங்குலம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். ஒருவர் போனில் பார்க்கிறாராம். அவருக்கு எப்படி அனுப்புவது என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன்.